ஓகே எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாளில் எத்தனை முறை ஓகே சொல்கிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை, எண்ணவும் முடியாது. ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஏறத்தாழ இன்ன நூற்றாண்டில் வந்தது’ என்றுதான் சொல்ல முடியும். ஓகேவுக்கோ அச்சில் தோன்றிய நாள், ஊர், பத்திரிகை எல்லாம் தெரியும். அப்படியிருந்தும் இதைப் பற்றி வாட்ஸாப்பில் சுற்றும் கதைகளில் முக்கால்வாசி கட்டுக்கதை. வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஓகே என்றால் சரியாக என்ன பொருள்?

‘சரி’ என்பதுதான் அடிப்படைப் பொருள். ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல் எல்லா வேலையையும் பார்க்கும். ஒருவர் நலமாக இருக்கிறார் என்பதற்கும் ஓகே, ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தாலும் ஓகே, அந்த ஒப்புதலுக்குப் பெயரும் ஓகே. பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை, வினையடை, பேச்சைத் தொடங்கும் அசை என்று எங்கே போட்டாலும் உட்கார்ந்துகொள்ளும். ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததும் ‘ஓகே, நேற்று எங்கே விட்டோம்?’ என்று கேட்கிறாரே, அங்கே அது எதற்கும் சம்மதம் சொல்லவில்லை. ‘இனி என்னைக் கவனியுங்கள்’ என்கிறது, அவ்வளவுதான்.

ஆங்கிலம் கற்பவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஓகே பாராட்டு இல்லை. ‘படம் எப்படி?’ என்று கேட்டால் ‘ஓகே’ என்று பதில் வருகிறது. நன்றாக இருந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. பார்க்கலாம், பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை என்று பொருள். ஒன்றை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அது நல்லதா கெட்டதா என்று வாய் திறக்காது. அலுவலகத்தில் இரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதி அனுப்பிவிட்டு, மேலாளரிடமிருந்து ‘ஓகே’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் மனம் குழம்புவது இதனால்தான். அவர் ஏற்றுக்கொண்டார் என்பது மட்டும் உறுதி. பிடித்ததா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, எந்தச் சொற்களின் சுருக்கம் இது?

‘ஆல் கரெக்ட்’ என்பதன் சுருக்கம். எல்லாம் சரி என்று பொருள்.

உடனே ஒரு சந்தேகம் வரும். ‘ஆல்’ என்ற சொல் ஆங்கிலத்தில் ஏ என்ற எழுத்தில் தொடங்குகிறது, ‘கரெக்ட்’ சி என்ற எழுத்தில் தொடங்குகிறது. சுருக்கினால் ‘ஏ.சி.’ என்றல்லவா வர வேண்டும்? ஓவும் கேயும் எங்கிருந்து வந்தன?

வேண்டுமென்றே தப்பாக எழுதியதால் வந்தன. படிப்பறிவு குறைந்த ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து, ‘ஆல்’ என்பதை ஓவில் தொடங்கி, ‘கரெக்ட்’ என்பதைக் கேயில் தொடங்கி எழுதினார்கள். பிறகு அந்தத் தப்பையே சுருக்கினார்கள். ‘எல்லாம் சரி’ என்று சொல்லும் இரண்டு எழுத்துகளில் ஒன்றுகூடச் சரியில்லை. சிரிப்பே அங்கேதான் இருக்கிறது.

இப்படி யார் விளையாடினார்கள்?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்கள். 1838 கோடைகாலம் தொடங்கி அந்த ஊர்ப் பத்திரிகைகளில் சுருக்கெழுத்து மோகம் ஒன்று பரவியது. ‘நம்முடைய முதல்தர மனிதர்கள்’ என்று ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டலாகக் குறிக்க ஓ.எஃப்.எம்., ‘வேலைக்கு ஆகாது’ என்பதற்கு என்.ஜி. என்று ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அதுவும் சலித்துப்போகவே எழுத்துப்பிழையையும் சேர்த்துக்கொண்டார்கள். ‘ஆல் ரைட்’ என்பதை ஓ.டபிள்யூ. என்றார்கள். ‘நோ யூஸ்’ என்பதைக் கே.ஒய். என்றார்கள். இந்தக் கூட்டத்தில் ஒன்றாகத்தான் ஓ.கே. வந்தது.

இன்றைய இளைஞர்கள் குறுஞ்செய்தியில் மொழியைக் கெடுக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள் அந்தக் காலத்துப் பாஸ்டன் நாளிதழ்களைப் புரட்டினால் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். கெடுத்தவர்கள் பத்திரிகை ஆசிரியர்கள்.

முதன்முதலில் அச்சில் வந்தது எப்போது?

1839 மார்ச் 23. பத்திரிகையின் பெயர் ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’. இரண்டாம் பக்கத்தில் வந்த ஒரு நையாண்டிக் குறிப்பு அது.

விஷயம் அற்பமானது. பாஸ்டனில் ‘மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு குறும்புக்காரக் கூட்டம் இருந்தது. அவர்கள் நியூயார்க்குக்குப் போகிற செய்தியை வைத்துப் பக்கத்து ஊரான பிராவிடன்ஸின் பத்திரிகை ஏதோ எழுதியிருந்தது. அதற்குப் பாஸ்டன் ஆசிரியர் பதில் கொடுக்கிறார். திரும்பும் வழியில் சங்கத்தினர் பிராவிடன்ஸ் பக்கம் வந்தால், அந்தப் பத்திரிகைக்காரர் நன்கொடைப் பெட்டி முதலான ஏற்பாடுகளை ‘ஓ.கே.’ ஆக வைத்திருந்து, பாட்டில் தக்கைகளைத் தீப்பொறி போலப் பறக்கவிடுவார் என்று எழுதுகிறார். ஓ.கே. என்று போட்ட கையோடு, பக்கத்திலேயே ‘ஆல் கரெக்ட்’ என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்.

அந்த விளக்கம்தான் இங்கே முக்கியம். வாசகருக்குப் புரியாமல் போய்விடக்கூடாது என்ற எண்ணம் எழுதியவருக்கு இருந்திருக்கிறது. பழகித் தேய்ந்த சொல்லுக்கு யாரும் பக்கத்திலேயே பொருள் எழுத மாட்டார்கள். அச்சில் அது புதிது என்பதற்கு அந்தக் குறிப்பே சாட்சி.

மற்றச் சுருக்கங்கள் எல்லாம் செத்துப்போக, ஓகே மட்டும் எப்படிப் பிழைத்தது?

அரசியல்தான் காப்பாற்றியது. 1840 அமெரிக்க அதிபர் தேர்தல். பதவியில் இருந்த மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் போட்டியிட்டார். அவர் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக். ஆதரவாளர்கள் அவரை ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’, அதாவது கிண்டர்ஹூக் பெரியவர், என்று செல்லமாக அழைத்தார்கள். முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள், ஓ.கே.!

நியூயார்க்கில் அவருடைய கட்சிக்காரர்கள் ‘ஓ.கே. கிளப்’ தொடங்கினார்கள். நம் ஆள் ஓ.கே., எல்லாம் ஓ.கே. என்று ஒரே கோஷத்தில் இரண்டு பொருள் கிடைத்தது. எதிரணியான விக் கட்சி சும்மா இருக்குமா? அதே இரண்டு எழுத்தை எடுத்துத் திருப்பி அடித்தது. கையில் காசில்லை, கடன் கொடுக்க ஆளில்லை, உடுத்தத் துணியில்லை என்றெல்லாம் ஓவிலும் கேயிலும் தொடங்குமாறு வசைகளைக் கட்டினார்கள். காசு, கடன் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் சி எழுத்தில்தான் எழுத வேண்டும், அதையும் கே போட்டு எழுதினார்கள். ஒரு ஊர்ப் பத்திரிகையின் நகைச்சுவை ஒரே ஆண்டில் நாடு முழுவதும் தெரிந்த சொல்லாகிவிட்டது.

வான் பியூரன் தோற்றார். வென்ற வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் காலமானார். அந்தத் தேர்தலில் உண்மையில் ஜெயித்தது இந்தச் சொல்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆண்ட்ரூ ஜாக்சன் என்ற அதிபருக்கு எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வராது, அவர்தான் கோப்புகளில் ஓ.கே. என்று எழுதினார் என்கிறார்களே?

அதே 1840 தேர்தலின் பொய்ப்பிரசாரம். வான் பியூரனுக்கு முன் அதிபராக இருந்தவர் ஜாக்சன், அவருக்கு அரசியல் வழிகாட்டியும் கூட. ‘எல்லாம் சரி’ என்றுகூட எழுதத் தெரியாதவரின் வாரிசு என்று வான் பியூரனை மட்டம்தட்ட எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் கட்டிவிட்ட கதை இது. கதை கட்டியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கதை மட்டும் இன்னும் சுற்றுகிறது.

இதையெல்லாம் கண்டுபிடித்தவர் யார்?

ஆலன் வாக்கர் ரீட். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர், 1906 முதல் 2002 வரை வாழ்ந்தவர். 1941-இல் ஓ.கே. கிளப் வரைக்கும் வந்து நின்றார். தேர்தலில்தான் சொல் பிறந்தது என்று அப்போது தோன்றியது. ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. பழைய நாளிதழ்களைத் தொடர்ந்து தேடி, தேர்தலுக்கு ஓராண்டு முந்தைய பாஸ்டன் குறிப்புக்குப் போய்ச் சேர்ந்தார். 1963, 1964 ஆண்டுகளில் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ என்ற ஆய்விதழில் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். கணினியில் ஒரு சொல்லைத் தட்டித் தேட முடியாத காலம் அது. ஓகேவை மட்டும் தேடியிருந்தால் இந்த முடிவு கிடைத்திருக்காது. கூடப் பிறந்து மறைந்துபோன சுருக்கங்களையும் அவர் சேர்த்துக் காட்டியதால்தான் வாதம் அசைக்க முடியாததாக நிற்கிறது.

நான் கேள்விப்பட்ட கதை வேறு. போர்க்களத்தில் ‘இன்று யாரும் சாகவில்லை’ என்று பலகையில் எழுதியது இல்லையா?

சுழியத்தை ஓ என்றும், கொல்லப்பட்டவர்கள் என்ற ஆங்கிலச் சொல்லைக் கே என்றும் படிக்கும் கதை. கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. வழக்கமாக அமெரிக்க உள்நாட்டுப் போரை இதற்குக் காரணம் சொல்வார்கள். அந்தப் போர் தொடங்கியது 1861-இல். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே சொல் அச்சில் வந்துவிட்டது. அதே போரில் வீரர்களுக்குக் கொடுத்த பிஸ்கட்டில் ஓரின் கெண்டல் என்ற தயாரிப்பாளரின் பெயர் எழுத்துகள் இருந்தன, அதிலிருந்து வந்தது என்ற கதையும் இதே இடத்தில் விழுந்துவிடுகிறது.

மற்றவற்றை ஆண்டு ஒன்றை மட்டும் காட்டித் தள்ள முடியாது, கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கிரேக்கத்தில் ‘ஓலா கலா’ என்றால் ‘எல்லாம் நலம்’. ஒலியும் பொருத்தம், பொருளும் பொருத்தம். ஹெய்ட்டியின் ‘ஓ காய்’ துறைமுகத்து ரம் நல்ல ரம், அதனால் நல்லதெல்லாம் ஓகே ஆனது என்பது இன்னொன்று. ஸ்காட்லாந்துக்காரர்களின் ‘ஓக் ஐ’ என்ற ஆமோதிப்பையும் சொல்வார்கள். இவற்றில் எதற்கும், அந்த மொழியிலிருந்து பாஸ்டன் பத்திரிகைக்கு வந்த வழியைக் காட்டும் எழுத்துச் சான்று கிடையாது. உலகில் ஆயிரக்கணக்கான மொழிகள் இருக்கின்றன. இரண்டே அசை உள்ள ஒரு சொல்லுக்கு ஒலியிலும் பொருளிலும் ஒத்த ஏதாவது ஒன்று எங்காவது அகப்படாமல் போனால்தான் ஆச்சரியம்.

கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று அமெரிக்கப் பழங்குடிகளான சாக்டாக்களின் மொழி. ‘அது அப்படித்தான்’ என்ற பொருளில் ‘ஓகே’ போலவே ஒலிக்கும் சொல் அதில் உண்டு. அதிபர் வுட்ரோ வில்சன் இதை நம்பி, கோப்புகளில் கே என்ற எழுத்துக்குப் பின்னால் ஈ, எச் சேர்த்துச் சாக்டா முறையிலேயே எழுதினார். இன்னொன்று மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழி. அதில் ‘ஆமாம்’ என்று அழுத்திச் சொல்லும் ‘வாவ் கே’ என்ற தொடர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாம் என்று டேவிட் டால்பி என்ற மொழியியலாளர் 1960-களின் இறுதியில் வாதிட்டார். எழுதத் தெரியாமல் வைக்கப்பட்ட மக்களின் பேச்சு அச்சில் பதிவாகாமல் போயிருக்கலாம் என்பது நியாயமான வாதம்தான். ஆனாலும் அகராதிகள் பாஸ்டன் பக்கமே நிற்கின்றன. ரீட் காட்டியது ஒரு சாயலை அல்ல, ஆண்டுவாரியாக ஒரு தொடர்ச்சியை.

உலகம் முழுக்க எப்படிப் பரவியது?

தந்தி வந்தது. 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி ஓடத் தொடங்கிய பிறகு, ‘செய்தி வந்து சேர்ந்தது’ என்று மறுமுனைக்குச் சொல்ல ஒரு குட்டிச் சொல் தேவைப்பட்டது. தட்டுவதற்குச் சுலபம், வேறு சொல்லோடு குழப்பமும் வராது என்பதால் ஓகே அங்கே ஒட்டிக்கொண்டது. தந்தியோடு சேர்ந்து ரயில் நிலையங்களுக்கும் போனது. விளையாட்டுச் சொல் வேலைக்குப் போகத் தொடங்கியதும், அது ஒரு பகடி என்பதே மறந்துபோனது.

ஒலியும் கைகொடுத்தது. ‘ஓ’வும் ‘கே’யும் உலகத்து மொழிகளில் பெரும்பாலானவற்றில் சிரமமில்லாமல் வரும் ஒலிகள். நாக்கை மடிக்க வேண்டியதில்லை.

எல்லாம் கச்சிதம் என்ற பொருளில் வரும் ‘ஏ-ஓகே’ விண்வெளி வீரர்கள் சொன்னதா?

பரப்பியது நாசாவின் செய்தித் தொடர்பாளர் ஜான் பவர்ஸ். 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆனபோது, ‘ஏ-ஓகே’ என்று ஷெப்பர்ட் சொன்னதாக இவர் செய்தியாளர்களிடம் தெரிவித்தார். பிறகு ஒலிநாடாவை ஓடவிட்டுப் பார்த்தால் ஷெப்பர்ட் அப்படிச் சொல்லவே இல்லை. வானொலி இரைச்சலில் ஓவைவிட ஏ தெளிவாகக் கேட்கும் என்பதால் பொறியாளர்கள் முன்னால் சேர்த்துக்கொண்டது அது என்று ஒரு விளக்கம் உண்டு.

கணினித் திரையில் எங்கே பார்த்தாலும் ஓகே பொத்தான் இருக்கிறதே, அது ஏன்?

இது குட்டிக் கதை, ஆனால் சுவையானது. ஆப்பிள் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட லிசா கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பொத்தானில் ‘டூ இட்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். செய் என்று பொருள். சாதாரண ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோது சிலர் அந்தப் பொத்தானைக் கண்டதும் தயங்கினார்கள். ஒருவர் எரிச்சலடைந்து, ‘இந்தக் கணினி ஏன் என்னை டோல்ட் என்று திட்டுகிறது?’ என்று கேட்டுவிட்டார். டோல்ட் என்றால் மடையன். அந்த எழுத்துருவில் பெரிய ஐயும் சின்ன எல்லும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன, இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளியும் போதவில்லை. அதற்குப் பிறகு அங்கே ஓகே வந்து உட்கார்ந்தது.

எழுதும்போது எது சரி? இரண்டு பெரிய எழுத்தா, புள்ளி வைத்தா, ஓ, கே, ஏ, ஒய் என்ற நான்கெழுத்தா?

ஆங்கிலத்தில் மூன்றும் சரி. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் புள்ளியில்லாத இரண்டு பெரிய எழுத்துகளை விரும்புகிறது. புள்ளி வைத்து எழுதும் பத்திரிகைகளும் உண்டு. கதை, நாவல்களில் ஓ, கே, ஏ, ஒய் என்று நான்கெழுத்தில் எழுதுவது பரவலான வழக்கம், உரையாடலில் அது கண்ணை உறுத்தாது என்பது காரணம். இறந்தகால வினையாக எழுதும்போது இரண்டெழுத்து வடிவத்துக்கு மேற்குறி போட்டு ஒரு டி சேர்க்க வேண்டியிருக்கும், அதற்கு நான்கெழுத்து வடிவமே மேல். எதை எடுத்தாலும் ஒரு கட்டுரைக்குள் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் போதும்.

தமிழில் ‘ஓகே’ போதும். வரலாறு பேசும் இடத்தில் மட்டும் ‘ஓ.கே.’ என்று புள்ளி வைக்கலாம், இங்கே செய்திருப்பதைப் போல.

வேலைக்கான விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை போன்ற முறையான ஆங்கில எழுத்தில் இந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. சக ஊழியருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் தாராளமாக வரலாம்.

விரலால் வட்டம் போட்டு ஓகே காட்டுவது எல்லா நாட்டிலும் செல்லுமா?

செல்லாது. பிரேசிலில் அது ஆபாசச் சைகை. ஜப்பானில் பணத்தைக் குறிக்கும். அமெரிக்காவில் வெள்ளை இனவெறிக் குழுக்கள் சில அதைப் பயன்படுத்தத் தொடங்கியதால், வெறுப்புக் குறியீடுகளைத் தொகுக்கும் ‘ஆன்டி டிஃபமேஷன் லீக்’ 2019-இல் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலான நேரங்களில் அது வெறும் ‘சரி’தான் என்றும் அந்த அமைப்பே சொல்லியிருக்கிறது. ஆழ்கடலில் நீந்துபவர்களுக்கோ இந்தச் சைகை இல்லாமல் முடியாது. நீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று ஆகிவிடும், அதனால் நலமாக இருக்கிறேன் என்பதற்கு விரல் வட்டம்தான்.

வேறொரு சொல்லின் மூலத்தை நானே சரிபார்க்க விரும்பினால் எங்கே தொடங்குவது?

முதலில் ஆண்டைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த மிகப் பழைய மேற்கோளை ஆண்டோடு கொடுக்கும். நீங்கள் கேட்ட கதை அந்த ஆண்டுக்குப் பின்னால் நடந்ததாக இருந்தால் வேலை முடிந்தது.

அப்புறம், முதலெழுத்துகளைச் சேர்த்து உருவானது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். அப்படிச் சொல் செய்வது இருபதாம் நூற்றாண்டில்தான் பரவலானது. ரேடார், லேசர் எல்லாம் உண்மையிலேயே அப்படி வந்தவை. ஆனால் ‘நியூஸ்’ நான்கு திசைகளின் முதலெழுத்து இல்லை, ‘நியூ’ என்ற சொல்லின் பன்மைதான். ‘பெண்களுக்கு அனுமதி இல்லை’ என்பதன் சுருக்கம் ‘கோல்ஃப்’ என்பதும் வேடிக்கைப் பேச்சு. 1457-லேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அந்த விளையாட்டுக்குத் தடை போட்டிருக்கிறது. பெயர் அதற்கும் முந்தையது. மட்டையைக் குறிக்கும் டச்சுச் சொல்லோடு தொடர்புடையதாக அகராதிகள் கருதுகின்றன. இந்த விதிக்கு ஓகே ஒரு விதிவிலக்கு என்பதும் உண்மைதான். ரயிலே புதுசாக இருந்த காலத்தில் பிறந்த சுருக்கம், நிஜமாகவே சுருக்கம். அதனால்தான் ரீட் அவ்வளவு சான்று தேட வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக்கும் ஓகே என்றுதானே அஞ்சல் சுருக்கம்? தொடர்பு உண்டா?

இல்லை, தற்செயல். மாநிலத்தின் பெயர் சாக்டா மொழியில் மக்கள், சிவப்பு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. அஞ்சல் துறை மாநிலங்களுக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் கொடுத்தது 1963-இல்.